ரசாக் பாயும் நூற்றிருபது பச்சை கிவியும்

ஆர்.எஸ்.புரத்தில் என் மருந்துக்கடைக்கும் ரசாக் பாயின் பழக்கடைக்கும் இடையில் ஒரே ஒரு சுவர்தான். அந்தச் சுவர் மட்டும் இல்லையென்றால் இந்தப் பதினெட்டு வருடத்தில் எங்கள் இருவரில் ஒருவர் நிச்சயம் ஜெயிலுக்குப் போயிருப்பார்.

டாக்டர் சீட்டோடு என் கடைக்கு வருகிறவரைப் படியேறும் முன்பே பாய் மறித்துவிடுவார். "ஏனுங்க, ஒடம்புக்கு என்னங்க?" என்பார். மலச்சிக்கல் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு. "அதுக்கு எதுக்குங்க மருந்து? காலைல ரெண்டு கிவி, ராத்திரி நல்ல தூக்கம். ஒரே வாரம். அப்புறம் நீங்களே வந்து எனக்குக் கை குடுப்பீங்க. கையக் கழுவிப்போட்டு வாங்க, அவ்வளவுதானுங்க." அந்த ஆள் என் கடைப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு பெட்டி கிவியோடு போய்விடுவார்.

இதில் என்னைக் கொல்வது என்னவென்றால், பாய் சொல்வது உண்மை. அந்தப் பழத்தின் நார்ச்சத்து தண்ணீரை இழுத்து உப்பிக்கொள்ளும். தினம் இரண்டு சாப்பிட்டால் வயிறு இளகும் என்று ஆராய்ச்சிக்காரர்களே சொல்கிறார்கள். படித்தவன் நான், பி.பார்ம் ஜெரோம், வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவதோடு நின்றவர் லுங்கியைக் கட்டிக்கொண்டு என் நோயாளிகளைக் குணப்படுத்துகிறார். எரியாமல் என்ன செய்யும்?

அதோடு விட்டாலும் பரவாயில்லை. குணமானவர்களின் விவரத்தை ஊருக்கெல்லாம் ஒப்பிப்பார். பின் தெருவில் இருக்கும் பேங்க் மேனேஜருக்கு அன்று காலை எத்தனை மணிக்கு நல்லபடி நடந்தது என்பது எட்டரைக்குள் பால்காரருக்கும் பேப்பர்காரருக்கும் தெரிந்துவிடும். ரகசியம் என்ற பொருள் பாயின் வாயில் ஒரு நிமிடம் தங்கி நான் பார்த்ததில்லை.

பாய் பிறந்தது கோட்டைமேட்டில். அப்பாவின் தள்ளுவண்டியில் வாழைப்பழத்தோடு வாழைப்பழமாக வளர்ந்தவர். ஆப்பிள், ஆரஞ்சு, சாத்துக்குடி என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கை, உக்கடம் மார்க்கெட்டில் ஆப்பிள் பெட்டிக்குப் பதிலாக ஒரு மாற்றுப்பெட்டி வந்த அன்று தடம் மாறியது. திறந்து பார்த்தால் உள்ளே முட்டை அளவில், மண் நிறத்தில், உடம்பெல்லாம் முடியோடு வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. பூஞ்சை பிடித்த சப்போட்டா என்று நினைத்து, பாய் ஒரு மணி நேரம் சட்டைத் துணியால் முடியைத் தேய்த்தெடுத்திருக்கிறார். பன்னிரண்டு பழத்துக்குச் சவரம் முடிந்த பிறகு ஒன்றை அறுத்துப் பார்த்தார். உள்ளே பச்சைப் பசேல், நடுவில் வெள்ளை, சுற்றிக் கறுப்பு விதை. ஒரு கடி கடித்தார். அன்றைக்குக் கெட்டவர்தான், இன்றுவரை திருந்தவில்லை.

அதற்கப்புறம் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கிவியின் சரித்திரத்தைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வெள்ளகோவிலிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த நஞ்சம்மாள் என்ற அம்மையார், கொய்யா வாங்க வந்து மாட்டிக்கொண்டார்.

"ஏனுங்க பாய், இதென்னுங்க சப்போட்டாவுக்குத் தாடி மொளச்சிருக்குது?"

"சப்போட்டா இல்லீங்க அம்மணி. இது சீனாவுல காட்டுக்குள்ள கொடில காச்சுக் கெடந்ததுங்க. கொரங்கு விரும்பித் திங்கும்னு அங்க அதுக்குக் கொரங்குப் பழம்னே பேருங்க. நூத்திருபது வருசத்துக்கு முன்னால நியூசிலாந்துல இருந்து ஒரு டீச்சரம்மா, பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டருங்க, தங்கச்சியப் பாக்கறதுக்குச் சீனாவுக்குப் போனாங்க. திரும்பி வர்றப்ப நாமெல்லாம் சேலை வாங்கிட்டு வருவோமுங்களே, அவங்க வெதை வாங்கிட்டு வந்தாங்க."

"அப்புறமுங்க?"

"அங்க நட்டாங்க, புடிச்சுக்கிச்சு. மொதல்ல சீன நெல்லிக்காய்ன்னு பேரு வெச்சாங்க. நெல்லிக்காய்க்கும் இதுக்கும் ஒரு சொந்தமும் இல்லீங்க. வெளிநாட்டுக்கு அனுப்பறப்ப அந்தப் பேரு எடுபடலீன்னு, அவங்க ஊர்ல கிவின்னு பறக்கத் தெரியாத குருவி ஒண்ணு இருக்குதுங்க, அதும் பேர எடுத்து வெச்சுப்போட்டாங்க. அதுவும் மண்ணு கலருல முடியோட உருண்டையாத்தான் இருக்குமுங்க."

நஞ்சம்மாள் பழத்தின் முடியைத் தடவிப் பார்த்தார். "அப்ப இது சைவமுங்களா?" என்று கேட்டார். பாய் அரைமணி நேரம் போராடிச் சைவம் என்று நிரூபித்தார். அந்த அம்மாள் கடைசியில் கொய்யாவே வாங்கிக்கொண்டு போனார்.

கிவிச் செடியும் வளர்த்தார். எங்கிருந்தோ இரண்டு கன்று வரவழைத்து மொட்டைமாடியில் வைத்தார். குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கான மணிநேரம் நல்ல குளிர் பட்டால்தான் அது பூக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இமாசலத்திலும் அருணாசலத்திலும் அது நன்றாக விளைகிறது. கோயமுத்தூர் மொட்டைமாடிக்கு அவ்வளவு குளிர் எங்கிருந்து வரும்? பாய் தினமும் வேரைச் சுற்றி ஐஸ் கட்டி போட்டார். ஒரு மின்விசிறியையும் வைத்தார். இரண்டு வருடம் கழித்து விவசாயக் கல்லூரி மாணவர் ஒருவர் வந்து, கன்றில் தொங்கிய இங்கிலீஷ் சீட்டைப் படித்துப் பார்த்து, கிவியில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு, இது இரண்டும் ஆண் என்று சொல்லிவிட்டுப் போனார். பாயின் மனைவி மெஹராஜ் அன்றைக்கே ஐஸ் கட்டியை நிறுத்திவிட்டார். "ரெண்டு தடிப்பசங்களுக்கு நான் ஃபேன் போட்டு ஒக்கார வெச்சிருந்தனா?" என்றார்.

மெஹராஜுக்கு முடியுள்ள பச்சை கிவியைக் கண்டாலே ஆகாது. வீட்டு வாசலைத் தாண்ட விடமாட்டார். எலிக்குட்டி என்பார். வழவழவென்று தோலும் மஞ்சள் சதையுமாக இருக்கும் தங்க கிவிக்கு மட்டும் உள்ளே அனுமதி. இந்த அனுமதியால்தான் பிறகு எல்லா வினையும் வந்தது.

நல்ல மனுஷன் என்பதையும் சொல்லியாக வேண்டும். டெங்கு பரவிய வருடம் ஒன்றில், கிவி சாப்பிட்டால் ரத்தத்தில் தட்டணு, அதாவது பிளேட்லெட், ஏறும் என்று ஊரே கிளம்பிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் ஹார்லிக்ஸை விட்டுவிட்டு கிவிப் பெட்டியோடு போனார்கள். நான் சுவரைத் தட்டிச் சண்டைக்குப் போனேன். "பாய், அதுல வைட்டமின் சி ஆரஞ்சுப் பழத்தவிட அதிகம், ஒத்துக்கறேன். பொட்டாசியம் இருக்கு, ஃபோலேட் இருக்கு. ஆனா தட்டணு ஏறும்ங்கறதுக்கு உறுதியான ஆதாரம் இல்ல. இதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்தா உயிர் போயிரும்." மறுநாள் காலை பாய் கடை வாசலில் அட்டை தொங்கியது: டெங்குவுக்கு டாக்டரிடம் போகவும், கிவி வாய்க்கு ருசி மட்டும். வியாபாரம் கொழிக்கிற நேரத்தில் அப்படி எழுத எனக்கு மனசு வந்திருக்குமா என்று தெரியவில்லை.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன்.

பாய்க்கு ஒரே மகள், அஃப்ரா. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் வேலை. மாப்பிள்ளை முகமது ரியாஸ், தங்கமான பையன். ஆனால் மாப்பிள்ளையின் அப்பா அபுதாகிர், வெள்ளகோவிலில் நாற்பது வருடமாகக் கறிக்கடை வைத்திருப்பவர். நிச்சயத்துக்கு வந்தபோது நகை பற்றிப் பேசவில்லை, சீர் பற்றிப் பேசவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"எங்களுக்கு ஒண்ணும் வேண்டாமுங்க சம்பந்தி. பிரியாணில கறி மட்டும் பஞ்சாட்ட இருக்கோணும். போன மாசம் கொடுமுடில ஒரு கல்யாணமுங்க. கறி ரப்பரு. பாதிப் பந்தியில எந்திரிச்சு வந்துட்டேன்."

பாய் அன்று மத்தியானம் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். முகம் செத்துக் கிடந்தது.

"டாக்டரு, பந்தியில எந்திரிச்சுட்டாருங்களாமா." டாக்டர் என்று என்னைக் கிண்டலுக்குத்தான் கூப்பிடுவார், அன்றைக்குக் கிண்டல் இல்லை. "நம்ம ஊட்டு கறி வேகலீன்னு அவரு எந்திரிச்சுட்டா, எம் புள்ள காலம் பூராவும் அந்த ஊட்ல அதக் கேக்கோணுமுங்க. கறிக்கடைக்காரரு ஊட்டுக்குக் கறி போட்டு நான் எங்கங்க தப்பிக்கறது?"

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சில மாதம் முன்பு பாய் கடையில் கிவி மில்க் ஷேக் போட்டுப் பார்த்தார். பாலில் பச்சை கிவியை அடித்துப் பத்து நிமிடம் வைத்ததும் கசந்து திரிந்துபோனது. ஏன் என்று கேட்டதற்கு, அதில் புரதத்தை உடைக்கிற ஒரு சரக்கு இருக்கிறது, பாலில் உள்ள புரதத்தை அது தின்றுவிடும் என்று சொல்லியிருந்தேன். இப்போது ஆறுதல் சொல்கிறேன் என்று, "பப்பாளிக்காய் போட்டாக் கறி வேகற மாதிரிதான் பாய், கிவி போட்டாலும் வெந்துரும்" என்று சும்மா சொல்லி வைத்தேன். பாயின் முகத்தில் பல்பு எரிந்தது. யோசனை என் வாயிலிருந்து போனது என்பதை நான் மறுக்கப் போவதில்லை.

பாய் வீட்டில் ஒரு கிலோ கறி வாங்கிச் சோதனை செய்தார். மெஹராஜ் வீட்டுக்குள் விட்ட கிவி தங்க கிவிதானே, அதில் இரண்டை மசித்துப் போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தார். மறுநாள் எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. கறி அவ்வளவு பதம். கிலோவுக்கு இரண்டு பழம், ஒரு ராத்திரி. கணக்குப் பிடிபட்டுவிட்டது.

பிரியாணிக்கு ஆசிப் மாஸ்டர். அவர் அண்டாவில் வேறொருவர் கைபடுவது அவருக்குப் பிடிக்காது. ஆகவே கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், மாஸ்டர் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, மண்டபத்துச் சமையல்கட்டில் பாயும் நானும் நுழைந்தோம். அறுபது கிலோ கறி ஐஸ் போட்டு ரெடியாக இருந்தது. தங்க கிவி அந்த வாரம் மார்க்கெட்டில் இல்லை. "கிவி கிவிதானுங்களே" என்று பாய் பச்சையைக் கொண்டுவந்திருந்தார். நன்றாகப் பழுத்தது, நூற்றிருபது. நானே ஸ்பூனால் தோண்டிக் கொடுத்தேன், பாய் மசித்துக் கறியில் பிசறினார். என் விரல் நுனியெல்லாம் சுறுசுறுவென்று அரித்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

புரதம் தின்கிற அந்தச் சரக்கு தங்க கிவியில் பேருக்குத்தான் இருக்கிறது, பச்சையில்தான் கொட்டிக் கிடக்கிறது என்பதை நான் படித்தது கல்யாணத்துக்கு நான்கு நாள் கழித்து.

கல்யாணத்தன்று காலை ஆறு மணிக்கு மண்டபத்திலிருந்து போன் வந்தது. போனேன். ஆசிப் மாஸ்டர் பதம் பார்க்க ஒரு கை கறியைச் சின்னச் சட்டியில் வேகவைத்திருக்கிறார். கரண்டியை விட்டுத் தூக்கினால் எலும்பு மட்டும் வருகிறது, குளித்து முடித்த மாதிரி சுத்தமாக. கறியைக் காணோம். சட்டியில் கூழ்தான் இருந்தது.

"பாய்," என்றார் மாஸ்டர் மெதுவாக. "ஆடு கரைஞ்சுபோச்சுங்க."

பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார். "பஞ்சாட்ட கேட்டாருங்க, கஞ்சியாக்கிப்போட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். வேறு கறி வாங்க அந்நேரத்துக்கு அறுபது கிலோ எங்கே கிடைக்கும்? ஏழு மணி நேரத்தில் முதல் பந்தி. மாஸ்டர் யார் இதைச் செய்தது என்று கரண்டியோடு தேடிக்கொண்டிருந்தார். நான் என் அரிக்கிற விரல்களைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன்.

மெஹராஜ் பட்டுச் சேலையோடு உள்ளே வந்தார். அண்டாவுக்குள் கையை விட்டுக் கறியை ஒரு பிடி பிடித்துப் பார்த்தார். கணவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மாஸ்டரு, எலும்பப் பூரா உருவிப் போட்டுச் சாறு எறக்குங்க. அந்தச் சாத்துல குஸ்கா போட்டுருங்க, வாசம் கொறையாது. பொட்டுக்கடலைய மாவரைக்கச் சொல்லுங்க. இது கோலா உருண்டைக்குத்தானுங்க ஆகும். பொம்பளைகள எல்லாம் வரச்சொல்லுங்க. ஏனுங்க, நீங்களும் உங்க டாக்டரும் எந்திரிச்சு வந்து உருட்டுங்க."

உருட்டினோம். மருதாணிக் கைகள் இருபது, எங்கள் கைகள் நான்கு. மணப்பெண் அஃப்ராவும் வந்து உட்கார்ந்துவிட்டாள். "அத்தா, அழுவாதீங்க, உருண்டைல உப்பு கூடிரும்" என்றாள். ஆயிரத்து எழுநூறு உருண்டை. அதில் நான் உருட்டியது அறுபத்து நான்கு, மாத்திரை மாதிரி எல்லாம் ஒரே அளவு. அதை யாரும் பாராட்டவில்லை.

ஒன்றேகாலுக்கு முதல் பந்தி. பிரியாணி என்று வந்த தட்டில் ஒரு துண்டு கறி இல்லை. குஸ்காவும், மேலே மூன்று உருண்டையும். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மெஹராஜ் முன்னால் வந்து, "எங்க கோட்டைமேட்டு வழக்கமுங்க. மொதப் பந்திக்கு உருண்டைதான் வெப்போம்" என்று கூசாமல் சொன்னார். அப்படி ஒரு வழக்கம் உலகத்தில் கிடையாது. உடனே மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "ஆமாமா, எங்க தாத்தா கல்யாணத்துல கூட இதேதானுங்க" என்றார். அவர் பக்கத்தில் இருந்தவர் ஒரு படி மேலே போய், முன்பெல்லாம் உருண்டை இன்னும் பெரிதாக இருக்கும் என்று குறைப்பட்டார்.

பாய் பார்த்துக்கொண்டிருந்தது ஒருவரை மட்டும். அபுதாகிர் உருண்டையைக் கையில் எடுத்தார். நசுக்கிப் பார்த்தார். முகர்ந்தார். நாற்பது வருடக் கறிக்கடை. கைக்குட்டையால் வாயை மூடி ஒருமுறை திரும்பிக்கொண்டார். பாய் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார், ரத்த ஓட்டமே நின்றுபோனது. பிறகு அபுதாகிர் தின்றார். நிமிரவில்லை. தட்டு காலியானதும் நீட்டினார். மறுபடி நீட்டினார். எல்லாரும் எழுந்த பிறகும் உட்கார்ந்தே இருந்தார்.

கை கழுவும் இடத்தில் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் நான் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அபுதாகிர் பாயின் கையைப் பிடித்து அங்கே ஓரமாக இழுத்து வந்தார். நான் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. எழுந்தால் மரியாதை இல்லை, குனிந்தபடியே டிரம்மின் ஓரத்தில் எட்டிப் பார்த்துக் கேட்டேன். (சம்பந்தியின் பேரையும் ஊரையும் இங்கே மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். போய்த் தேடாதீர்கள்.)

"சம்பந்தி, ஒண்ணு சொல்லோணுமுங்க. யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

"சொல்லுங்க" என்றார் பாய்.

அபுதாகிர் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே மேல்வரிசை, கீழ்வரிசை, முழுப் பல் செட்டு.

"ஆறு வருசமாச்சுங்க, எல்லாம் கட்டுனது. இத மாட்டிக்கிட்டுக் கறி கடிக்க முடியறதில்லீங்க. கறிக்கடைக்காரனுக்குப் பல்லு இல்லீன்னா ஊரு சிரிக்காதுங்களா? அதுக்காகத்தான் போற எடத்துல எல்லாம் கறி ரப்பருன்னு சத்தம் போட்டுப்போட்டு எந்திரிச்சு வந்துருவேன். தெனம் அத்தன கிலோ வெட்டறேன், ஒரு துண்டு திங்க முடியலீங்க. இன்னிக்கு இதக் கழட்டி வெச்சுப்போட்டுப் பதினோரு உருண்டை தின்னனுங்க சம்பந்தி." பெரிய மீசை துடிக்க அந்த மனுஷன் அழுதார். டிரம்முக்குப் பின்னால் எனக்கும் கண் கலங்கியது.

பாய் அந்தக் கைக்குட்டையை வாங்கி, பல் தெரியாமல் மடித்து, அவர் பாக்கெட்டிலேயே வைத்துத் தட்டிக்கொடுத்தார். "இது நம்மளுக்குள்ள இருக்கட்டுமுங்க" என்றார்.

நான் சிரித்துக்கொண்டேன். இந்த வாயில் அது மறுநாள் எட்டரை மணியைத் தாண்டாது என்று எனக்குத் தெரியாதா?

மறுநாள் காலை கடை திறந்ததும் ஆசையாகச் சுவரோரம் போய் நின்றேன்.

"என்ன பாய், சம்பந்தி ஒங்களத் தனியாக் கூட்டிட்டுப் போனாரே, என்ன சொன்னாரு?"

பாய் ஒரு பழத்தை எடுத்துத் துணியால் துடைத்தார். "கறி நல்லா வெந்திருந்துச்சுன்னாருங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க டாக்டரு."

பால்காரர் வந்தார், பேப்பர்காரர் வந்தார். உருண்டையின் கதை, மாஸ்டரின் கரண்டி, நான் விரலை மறைத்தது எல்லாம் வந்தது. பல் வரவில்லை. எட்டு மாதமாகிறது, மெஹராஜுக்குக்கூடத் தெரியாது, நானும் எத்தனையோ விதமாகக் கிண்டிப் பார்த்துவிட்டேன். அந்த மனுஷன் மேல் எனக்கு அப்படியொரு மரியாதை வந்துவிட்டது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஊர் பூராவும் சொல்லிவிடுவார்.